மான்டி ஆன் தி ரன் ரீமிக்ஸ்: சிட் ஒலியில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது?

கேள்வி: மூன்றாம்குரல்

காமடோர் 64 கணினிக்காக ராப் ஹப்பர்ட் 1985இல் அமைத்த மான்டி ஆன் தி ரன் விளையாட்டின் இசையை ரீமிக்ஸ் செய்யும் வேலையில் இறங்கியிருக்கிறேன். கீபோர்டு வாசிப்பிலும் ஒலிப்பதிவு மென்பொருளிலும் எனக்குப் போதிய பழக்கம் உண்டு. ஆனால் அந்தக் கணினியின் ஒலிச் சிப்பான சிட்டின் இசையை இதுவரை கேட்டு ரசித்திருக்கிறேனே தவிர, அதன் உள்ளே கை வைத்ததில்லை.

ஹை வோல்டேஜ் சிட் கலெக்‌ஷன் தொகுப்பிலிருந்து மூலக் கோப்பை எடுத்து, மிடியாக (சுரங்களைப் பட்டியலாகச் சேமிக்கும் கோப்பு வடிவமாக) மாற்றித் தரும் பழைய கருவி ஒன்றில் கொடுத்தேன். மூன்று டிராக்குகள் வந்தன. சுரங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. மெட்டும் அடையாளம் தெரிகிறது. ஆனால் அவற்றை நல்ல சின்தசைசர்களிலும் டிரம் ஒலிகளிலும் ஓட விட்டால், மூலத்தில் இருக்கும் பாய்ச்சல் முழுவதும் வடிந்துபோகிறது. பேஸ் டிராக்கின் நடுநடுவே பொருளற்ற சுரங்கள் துள்ளுகின்றன. சில இடங்களில் ஒரே சுரம் ஓர் ஆக்டேவ் மேலும் கீழுமாகச் சின்னஞ்சிறு துணுக்குகளாக நொறுங்கிக் கிடக்கிறது. தனி வாசிப்பு வரும் பகுதியில் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டிய சுரங்கள் படிப்படியாக ஏறுகின்றன. மூன்றே குரல்கள் (ஒரே நேரத்தில் மூன்று ஒலிகள்) கொண்ட ஒரு சிப்புக்காக எழுதப்பட்ட இசை, வரம்பே இல்லாத இன்றைய கருவிகளில் இளைத்து ஒலிப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

மிடியை ஒழுங்குபடுத்தி இதே வழியில் தொடர்வதா, அல்லது எமுலேட்டரில் (பழைய கணினியைப் போலவே இயங்கும் மென்பொருளில்) பதிவு செய்த மூல ஒலியை அடியில் வைத்து அதன் மேல் புதிய கருவிகளைச் சேர்ப்பதா என்பதுதான் என் முதன்மையான குழப்பம். இரண்டாவது வழியைத்தான் பலரும் பின்பற்றுவதாகத் தெரிகிறது. செய்து பார்த்தபோது, தொடக்கத்தில் பொருந்தி நிற்கும் டிரம் சிறிது நேரத்தில் மூலத்தை விட்டு விலகிவிடுகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.


பதில்: பதிவேடு

உங்கள் மிடி கோப்பில் உள்ள "பொருளற்ற சுரங்கள்" எவையும் பிழைகள் அல்ல என்பதிலிருந்து தொடங்கலாம். அவற்றை அழித்துவிடாதீர்கள், நீங்கள் தேடும் பாய்ச்சல் அங்கேதான் இருக்கிறது.

சிட் கோப்பு என்பது சுரங்களின் பட்டியல் அன்று. அது 6502 வகைச் செயலிக்கான இயந்திர மொழி நிரல். இசையைத் தயார் செய்யும் ஒரு துணைநிரலும், திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் அழைக்கப்படும் இன்னொரு துணைநிரலும் அதில் இருக்கும். ஐரோப்பாவின் பால் (PAL) தொலைக்காட்சி முறைக் கணினியில் இந்த அழைப்பு வினாடிக்கு ஏறத்தாழ 50 முறை நிகழ்கிறது. ஒவ்வொரு அழைப்பிலும், அதாவது 20 மில்லி வினாடி நீளமுள்ள ஒரு ஃபிரேமுக்கு ஒரு முறை, நிரல் சிப்பின் பதிவேடுகளில் (ஒலியைக் கட்டுப்படுத்தும் நினைவிடங்களில்) புதிய எண்களை எழுதுகிறது. சுரம் எது என்பது அந்த எண்களில் ஒன்று மட்டுமே. அலைவடிவம், பல்ஸ் அலையின் அகலம், ஒலி எழுந்து அடங்கும் விதம் எல்லாம் கூடவே மாறிக்கொண்டிருக்கும். மிடி மாற்றிக் கருவி அதிர்வெண்ணை மட்டும் பார்த்து, அருகில் உள்ள சுரம் எதுவோ அதை எழுதிவிட்டு, மற்றவற்றைக் கைவிட்டுவிடுகிறது.

நீங்கள் எடுத்துக்கொண்ட மெட்டில் இன்னொரு வசதி உண்டு. ஹப்பர்டின் ஆரம்பகால நிரல் எவ்வாறு வேலை செய்கிறது என்பது, காமடோர் நிரலாளர்களுக்கான சி=ஹேக்கிங் என்னும் மின்னிதழில் 1990களிலேயே, இதே மான்டியை எடுத்துக்காட்டாக வைத்து, வரிக்கு வரி பிரித்து விளக்கப்பட்டிருக்கிறது. நிரலின் அளவு ஏறத்தாழ ஆயிரம் பைட்டுகள்தான். ஒவ்வொரு இசைக்கருவிக்கும் அதில் 8 பைட்டுகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன: பல்ஸ் அகலத்துக்கு இரண்டு, அலைவடிவத்துக்கு ஒன்று, ஒலி எழுந்து அடங்கும் வடிவத்துக்கு இரண்டு, விப்ரேட்டோவின் (சுருதி நடுங்கும் ஆட்டத்தின்) ஆழம், பல்ஸ் அகலம் மாறும் வேகம், கடைசியாகச் சிறப்பு விளைவுகளுக்கான ஒரு பைட். ஒலியின் சில அதிர்வெண்களை வடிகட்டும் ஃபில்டருக்கு அதில் இடமே இல்லை. ஆகவே, பழைய 6581 சிப்பா பிந்தைய 8580 சிப்பா என்று எமுலேட்டரில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி இந்த மெட்டில் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஃபில்டரை நம்பி எழுதப்பட்ட மெட்டுகளில் அது பெரிய தலைவலி. 6581இன் ஃபில்டர் சிப்புக்குச் சிப்பு வேறுபட்டு ஒலிக்கும்.

இனி உங்கள் டிராக்குகளுக்கு வருவோம். பேஸின் நடுவே துள்ளுபவை டிரம் அடிகள். மூன்று குரல்களில் ஒன்றை டிரம்முக்கென்று முழுதாக விட்டுக்கொடுக்க முடியாத நிலையில், பேஸ் சுரங்களுக்கு இடையே கிடைக்கும் இடைவெளியில் அடி செருகப்படுகிறது. முதல் ஃபிரேமில் இரைச்சல் அலை. அடுத்த ஃபிரேமிலிருந்து அந்தக் கருவியின் சொந்த அலைவடிவம். கூடவே அதிர்வெண் மேலிருந்து கீழே வேகமாகச் சரியும். அந்தச் சரிவைத்தான் மிடி மாற்றி, தொடர்பற்ற சில சுரங்களாக எழுதி வைத்திருக்கிறது. அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு அவற்றைத் தனி டிரம் டிராக்காக நகர்த்துங்கள். ஆனால் நகர்த்திய பிறகு, பேஸில் ஏற்படும் வெற்றிடத்தை நிரப்பிவிடாதீர்கள். அடி விழும் கணத்தில் பேஸ் மௌனமாவதுதான் மூலத்தின் நடையைத் தீர்மானிக்கிறது. இன்றைய மென்பொருளில் பேஸையும் டிரம்மையும் தனித்தனியே தொடர்ந்து ஓட விட்டால், எல்லாம் நிறைந்து, எதுவும் குதிக்காது. நீங்கள் சொல்லும் இளைப்புக்கு இதுவே பெரும்பாலும் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆக்டேவ் துணுக்குகள் இன்னொரு விளைவு. மூன்று குரல்களைக் கொண்டு கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஒலிக்கச் செய்ய, ஒரே குரலில் கோர்டின் சுரங்களை ஃபிரேமுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வாசிக்கும் ஆர்பெஜியோ என்ற வழக்கம் சிட் இசையில் பொதுவானது. ஹப்பர்டின் இந்த நிரலில் உள்ள ஆர்பெஜியோ அதைவிட எளியது: சுரமும் அதற்கு 12 அரைச்சுரங்கள் மேலுள்ள சுரமும் மாறி மாறி வரும், அவ்வளவுதான். ஆகவே அங்கே கோர்டு எதுவும் ஒளிந்திருப்பதாக எண்ணிப் பியானோவுக்குக் கொடுக்க வேண்டாம். வினாடிக்கு 25 முறை சுழலும் அந்த மாற்றத்தைக் காது இரண்டு சுரங்களாகக் கேட்பதில்லை; கரகரப்பான ஒற்றைத் தொனியாகவே கேட்கிறது. ஆக்டேவ் இடைவெளியில் இரண்டு ஆசிலேட்டர்களை வைத்து, அவற்றின் ஒலியளவை அதே வேகத்தில் எதிரெதிராக ஆட்டினால் அந்தக் கரகரப்பின் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

விப்ரேட்டோவைச் சற்று நெருங்கிப் பாருங்கள், அதில் ஒரு நேர்த்தி இருக்கிறது. நிரல் தன் ஃபிரேம் எண்ணியை 0, 1, 2, 3, 3, 2, 1, 0 என்று ஏறி இறங்கும் வரிசையாக மாற்றிக்கொள்கிறது. அந்தச் சுரத்துக்கும் அடுத்த அரைச்சுரத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் ஒரு சிறு பங்கை எடுத்து, அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப அதிர்வெண்ணோடு கூட்டுகிறது. எட்டு ஃபிரேமுக்கு ஒரு சுற்று என்பதால் வேகம் வினாடிக்கு 6 சுற்றுகளைச் சற்றுத் தாண்டும். கூட்டல் மட்டுமே நடப்பதால் ஆட்டம் சுரத்துக்கு மேலேயே நிகழ்கிறது, கீழே இறங்குவதில்லை. குறுகிய சுரங்களுக்கு விப்ரேட்டோ போடப்படுவதும் இல்லை. சின்தசைசரில் வழக்கமாகக் கிடைக்கும் எல்எஃப்ஓ (சுருதியை ஆட்டும் மெதுவான அலை) சுரத்தின் இரு பக்கமும் ஆடும். எல்லாச் சுரங்களிலும் ஆடும். அதை அப்படியே விட்டால் தனி வாசிப்பு தள்ளாடுவது போல் தோன்றும். எல்எஃப்ஓவை ஒருபக்க முக்கோண அலையாக அமைத்து, நீண்ட சுரங்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

சுரங்களையும் பதிவேட்டு மாற்றங்களையும் ஃபிரேம் வாரியாக உரைக் கோப்பாக எழுதித் தரும் சிட்டம்ப் என்ற சிறு கருவி உண்டு. மிடி மாற்றியைத் தூக்கி வைத்துவிட்டு, அதன் வெளியீட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, கையால் மீண்டும் எழுதுவதே என் பரிந்துரை. முதலில் சலிப்பாக இருக்கும். ஒரே வடிவங்கள் திரும்பத் திரும்ப வருவதால் வேலை விரைவில் குறைந்துவிடும்.


பதில்: கடிகாரத்துடிப்பு

டிரம் விலகிப்போவது பற்றி மட்டும் எழுதுகிறேன்; மற்றதை மேலே உள்ளவர் நன்றாகவே விளக்கிவிட்டார்.

பால் கணினியின் திரை வினாடிக்குச் சரியாக 50 முறை புதுப்பிக்கப்படுவதில்லை. செயலியின் கடிகாரம் வினாடிக்கு 9,85,248 துடிப்புகள். ஒரு திரைக்கு 312 வரிகள், வரிக்கு 63 துடிப்புகள் என்ற கணக்கில் ஒரு ஃபிரேமுக்கு 19,656 துடிப்புகள் செலவாகின்றன. வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு ஏறத்தாழ 50.12 ஃபிரேம்கள் வரும். ஒரு வரிசைக்கு (இசையின் மிகச் சிறிய காலப் படிக்கு) 6 ஃபிரேம்கள், ஓர் அடிக்கு 4 வரிசைகள் என்று அமைந்த மெட்டுக்கு, 50 என்று வைத்துக் கணக்கிட்டால் நிமிடத்துக்கு 125 அடிகள் என்ற அழகான எண் கிடைக்கும். உண்மையில் அது 125.31. நான்கு நிமிட இசையில் இந்தச் சிறு வித்தியாசம் 0.6 வினாடியாகப் பெருகிவிடும். அந்த வேகத்தில் ஓர் அடியின் நீளமே 0.48 வினாடிதான். உங்கள் டிரம் ஓர் அடிக்கும் மேலாகப் பிந்திவிட்டதென்று பொருள்.

ஆகவே, உங்கள் மெட்டில் ஒரு வரிசைக்கு எத்தனை ஃபிரேம்கள் என்பதைச் சிட்டம்ப் வெளியீட்டிலிருந்து எண்ணிக்கொண்டு, 50.12 என்ற வீதத்தை வைத்து வேகத்தைக் கணக்கிட்டு, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் வரை மென்பொருளில் கொடுங்கள். பதிவு செய்த ஒலியை இழுத்தோ சுருக்கியோ பொருத்த முயல வேண்டாம். அந்த வேலையைச் செய்யும் நிரல்கள் ஒற்றை ஃபிரேம் இரைச்சல் அடிகளை மழுங்கடித்துவிடும். புதிய கருவிகள் எல்லாம் உங்கள் கையில் இருக்கும்போது, மூலத்தின் வேகத்துக்கு அவற்றைக் கொண்டுவருவதே எளிது.

வட அமெரிக்க முறைக் கணினிகள் 60 ஃபிரேமில் ஓடின. பிரிட்டனில் எழுதப்பட்ட இசையை அங்கே ஓட விட்டால் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடும். கடிகாரமும் வேறு என்பதால் சுருதியும் நகரும். எமுலேட்டர் எந்த முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பதிவு செய்யும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சுருதியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அடுத்த தடுமாற்றம் அதில்தான் வரப்போகிறது. சிட் சிப்பில் அதிர்வெண் என்பது 16 பிட் எண். அந்த எண்ணைக் கடிகார வேகத்தால் பெருக்கி 1,67,77,216ஆல் வகுத்தால் வெளிவரும் அதிர்வெண் கிடைக்கும். பால் கணினியில் 440 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் பதிவேட்டில் ஏறத்தாழ 7,492 என்று எழுத வேண்டும். எல்லா இசையமைப்பாளர்களின் அட்டவணையும் 440ஐ ஒட்டி அமைந்ததில்லை. வட அமெரிக்கக் கடிகாரத்துக்காகக் கணக்கிட்ட அட்டவணையை அப்படியே பால் கணினியில் பயன்படுத்தினால் முழு மெட்டும் 65 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அளவுக்குத் தாழ்ந்து, அதாவது அரைச்சுரத்தின் பாதிக்கும் சற்று மேலாக இறங்கி ஒலிக்கும். மூல ஒலியின் மேல் கிதாரையோ வயலினையோ சேர்க்கப் போகிறீர்கள் என்றால், நீண்ட பேஸ் சுரம் ஒன்றை டியூனரில் காட்டி, எத்தனை சென்ட் விலகியிருக்கிறது என்பதை அளந்துகொள்ளுங்கள். மென்பொருளின் மொத்தச் சுருதியை அதற்கேற்ப மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.


பதில்: எட்டாம்பிட்

மேலே வந்த இரண்டு பதில்களும் தொழில்நுட்பத்தில் குறை சொல்ல முடியாதவை. ஆனால் அவற்றை முழுமையாகப் பின்பற்றினால் நண்பருக்குக் கிடைக்கப் போவது, பெரும் உழைப்பில் உருவான, மூலத்தை மிக நெருங்கிய ஒரு நகல். மூலம் ஏற்கனவே இருக்கிறது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிற மெட்டுகளோடு சேர்த்து அதை எவரும் இலவசமாகக் கேட்கலாம். ரீமிக்ஸைக் கேட்க வருபவர், இந்த மெட்டில் வேறு என்ன இருந்தது என்று பார்க்க வருகிறார்.

ரசிகர் ரீமிக்ஸ்களை வெளியிடும் தளங்கள் பல ஆண்டுகளாக இதைப் பற்றித் தெளிவாகவே பேசிவருகின்றன. 1999 முதல் இயங்கும் ஓவர்கிளாக்ட் ரீமிக்ஸின் நடுவர்கள், மூல மெட்டு அடையாளம் காணும்படி இருக்க வேண்டும், அதே சமயம் அதன் மீது ஒரு விளக்கம் வைக்கப்பட்டிருக்கவும் வேண்டும் என்கிறார்கள். ஒலியை மட்டும் மேம்படுத்தி அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காமடோர் ரீமிக்ஸ்களுக்கான ரீமிக்ஸ்.க்வெட்.ஆர்க் தளத்தில் போக்குகள் இன்னும் விரிவானவை. நடன இசையும், ராக்கும், பியானோ மட்டும் வைத்துச் செய்தவையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். மூல ஒலியை அடியில் ஓட விட்டு மேலே டிரம் லூப் ஒன்றைப் போட்டவையும் ஏராளம். அவற்றில் நூற்றில் தொண்ணூறை இரண்டாம் முறை கேட்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை.

நீங்கள் முதலில் எடுக்க வேண்டிய முடிவு வடிவத்தைப் பற்றியது. மான்டியின் இசை ஐந்து நிமிடத்துக்கும் மேல் ஓடிப் பிறகு தொடக்கத்துக்குத் திரும்பும். விளையாடுபவர் எப்போது நிறுத்துவார் என்று தெரியாத சூழலுக்காக எழுதப்பட்டதால் அதற்கு முடிவு என்று ஒன்று கிடையாது. பகுதி பகுதியாகப் புதுப்புது யோசனைகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றுக்கிடையே ஓய்வு குறைவு. அதை முழுமையாக இன்றைய கருவிகளில் வாசித்தால் மூன்றாம் நிமிடத்தில் கேட்பவருக்குக் காது சோர்ந்துவிடும். சிப்பின் ஒல்லியான ஒலியில் அந்த நெருக்கடி தாங்கக்கூடியதாக இருந்தது, முழு அலைவரிசையும் நிரம்பிய ஒலியில் அது தாங்காது. முதன்மை மெட்டையும் தனி வாசிப்பையும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைத் தயங்காமல் வெட்டுங்கள். பாதி வேகத்தில் ஒரு பகுதியை வைத்துப் பாருங்கள். அவ்வளவு வேகமான மெட்டில் சுருதி நகர்வுகள் எப்படிப்பட்டவை என்பது அப்போதுதான் தெரியவரும்.

சிட் ஒலியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மஷினே சுப்ரிமசி என்ற ஸ்வீடிஷ் மெட்டல் குழு, உண்மையான சிட் சிப்பை உள்ளே கொண்ட சிட்ஸ்டேஷன் சின்தசைசரை கிதார்களுக்கு நடுவே ஒரு கருவியாகவே வைத்து வாசித்தது. அங்கே சிட்டுக்கு ஒரு வேலை இருந்தது. டென்மார்க்கின் பிரஸ் பிளே ஆன் டேப் குழு இதே காலத்து விளையாட்டு மெட்டுகளை ராக் இசைக்குழுவாக மேடையில் வாசித்துக் காட்டியது. 2019இல் இங்கிலாந்தின் ஹல் நகர மண்டபத்தில் நடந்த 8-பிட் சிம்பொனி நிகழ்ச்சியிலோ முழு ஆர்கெஸ்ட்ராவே காமடோர் மெட்டுகளை வாசித்தது. ஆர்கெஸ்ட்ராவில் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஆர்பெஜியோ வாசிக்க முடியாது என்று யாரும் குறைபட்டுக்கொள்ளவில்லை. எந்த அசைவை எந்தக் கருவியிடம் ஒப்படைப்பது என்று ஒவ்வொருவரும் முடிவெடுத்தார்கள், முடிவில்லாமல் மூலத்தைத் தடவிக்கொண்டிருக்கவில்லை.


பதில்: பதிவேடு

எட்டாம்பிட் அவர்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். வடிவத்தை வெட்டுவது பற்றிய கருத்து சரிதான். ஆனால் ஓர் அசைவை வேறொரு கருவியிடம் ஒப்படைக்க வேண்டுமானால், அப்படி ஓர் அசைவு இருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். வயலினில் இந்தத் தனி வாசிப்பை நன்றாக வாசிக்கும் கலைஞர்கள் சுரங்களை இணைக்கும் வழுக்கலில்தான் அதிகக் கவனம் செலுத்துகிறார்கள். எந்தச் சுரம் எத்தனை ஃபிரேமில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் கேட்டுப் பழகியதன் பலன் அது. நான் நகலெடுக்கச் சொல்லவில்லை, படித்துப் பார்க்கச் சொல்கிறேன்.


கேள்வி கேட்டவர்: மூன்றாம்குரல்

அனைவருக்கும் நன்றி. வேகத்தைத் திருத்திய பிறகு டிரம் கடைசிவரை விலகாமல் நிற்கிறது. மிடியை ஒதுக்கிவிட்டேன். முதன்மை மெட்டைக் கிதாரிலும் பேஸிலும் புதிதாக வாசித்து, தனி வாசிப்பை மட்டும் எமுலேட்டரில் பதிவு செய்த சிட் குரலாகவே விடலாம் என்று நினைக்கிறேன். அதற்கு அந்த ஒரு குரலை மட்டும் பிரித்து எடுக்க வழி உண்டா? இன்னொன்று: முடிந்ததும் இலவசமாகப் பதிவேற்றவே எண்ணம். பிற்காலத்தில் கட்டணத் தளங்களில் வெளியிட விரும்பினால் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?


பதில்: கடிகாரத்துடிப்பு

குரல்களைப் பிரிப்பது எளிது. சிட்பிளேஎஃப்பி இயக்கியில் குறிப்பிட்ட குரலை மௌனமாக்கும் வசதி இருக்கிறது. இரண்டு குரல்களை அணைத்துவிட்டு மூன்றாவதைப் பதிவு செய்யலாம். அதே முறையில் மற்ற இரண்டையும் எடுத்து, மூன்றையும் ஒரே தொடக்கப் புள்ளியில் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும். தனி வாசிப்பு மெட்டு முழுவதும் ஒரே குரலில் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பகுதி மாறும்போது குரல்கள் தங்களுக்குள் வேலையை மாற்றிக்கொள்வது உண்டு. வேறு மெட்டுகளில் இதைச் செய்யும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை: ரிங் மாடுலேஷன், சிங்க் ஆகியவற்றைப் பயன்படுத்தும் இசையில் ஒரு குரலின் ஒலி பக்கத்துக் குரலின் அதிர்வெண்ணைச் சார்ந்திருக்கும்.


பதில்: உரிமைப்பத்திரம்

உரிமை பற்றிய கேள்விக்குப் பதில் சொல்கிறேன். நான் வழக்கறிஞர் அல்லன், இந்தத் துறையின் வழக்குகளைத் தொடர்ந்து படித்துவருபவன்.

இலவச ரீமிக்ஸ்கள் பெரும்பாலும் இசையமைப்பாளர்களின் நல்லெண்ணத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சட்டத்தின் பார்வையில் இலவசம் என்பது தனியான அனுமதியைத் தந்துவிடுவதில்லை. விற்பனைக்கு வரும்போது, மெட்டின் உரிமை இசையமைப்பாளரிடம் இருக்கிறதா, விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்தின் இன்றைய வாரிசிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்காலத்தில் தனியாக ஒப்பந்த வேலை செய்த சிலரிடம் உரிமை தங்கிவிட்டது. நிறுவன ஊழியர்களாக இருந்தவர்கள் நிலைமை வேறு. காமடோர் இசையமைப்பாளர்கள் பலரின் படைப்புகளுக்கு இன்று முறையான இசைப் பதிப்பாளர்கள் இருப்பதால், வெறும் மறுவாசிப்புக்கு அனுமதி பெறுவது முன்பைவிட எளிது. ஆனால் நீங்கள் சிட் குரலையே பதிவு செய்து சேர்க்கப் போவதாகச் சொல்கிறீர்கள். அது மறுவாசிப்பு அன்று. மூல நிரலின் வெளியீட்டையே எடுத்தாள்வது. அனுமதி கேட்கும்போது அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

மான்டியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதன் முதன்மை மெட்டு, பிரிட்டிஷ் இசையமைப்பாளர் சார்லஸ் வில்லியம்ஸின் டெவில்ஸ் கேலப் என்ற துரத்தல் இசையின் சாயலை வெளிப்படையாகவே கொண்டது. வில்லியம்ஸ் 1978இல் மறைந்தார். படைப்பாளியின் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் பாதுகாப்பு அளிக்கும் நாடுகளில் அந்த இசை 2048 முடியும் வரை காப்பில் இருக்கும். ஹப்பர்ட் பக்கம் அனுமதி கிடைத்தாலும், அந்தப் பகுதியை மூலத்தைவிட டெவில்ஸ் கேலப்புக்கு நெருக்கமாகக் கொண்டுபோய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்கெஸ்ட்ரா ஒலிகளைக் கொடுத்தால் அந்தச் சாயல் இன்னும் துலக்கமாகத் தெரியும். கிதாரைத் தேர்ந்தெடுத்தது இந்த வகையிலும் நல்லது. ஹப்பர்டின் சாய்ட்ஸ் இசையை அடுத்து எடுக்க நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன்: அது லாரி ஃபாஸ்ட் சினர்ஜி என்ற பெயரில் வெளியிட்ட ஆன்சஸ்டர்ஸ் என்ற படைப்பின் மறுவடிவம்.

அனுமதி கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். லேசி ஜோன்ஸ் என்ற 1984ஆம் ஆண்டு விளையாட்டுக்கு டேவிட் விட்டேக்கர் அமைத்த மெட்டுகளில் ஒன்று, 1999இல் சோம்பி நேஷனின் கெர்ன்கிராஃப்ட் 400 என்ற நடனப் பாடலின் முதன்மை மெட்டாக உலகம் முழுவதும் ஒலித்தது. விட்டேக்கருக்குப் பின்னர் ஒரு தொகை கிடைத்தது. இரண்டாவது, ஃபின்லாந்தின் யானே சுனி அமிகா கணினியில் அமைத்து, பிறகு காமடோர் 64 வடிவமும் பெற்ற ஆசிட்ஜாஸ்ட் ஈவினிங். நெல்லி ஃபுர்ட்டாடோவின் டூ இட் பாடலில் அது எடுத்தாளப்பட்டதாகத் தொடர்ந்த அமெரிக்க வழக்கு, அங்கே உரிய பதிப்புரிமைப் பதிவு செய்யப்படவில்லை என்ற நடைமுறைக் காரணத்தால் தோற்றது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பையே உறுதிப்படுத்தியது. எடுத்தாண்டது நியாயமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை.

ஆகவே இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கிதார், பேஸ், டிரம், சிட் குரல் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனி ஒலிக்கோப்பாகச் சேமித்து வையுங்கள். பதிப்பாளர் மறுவாசிப்புக்கு மட்டும் சம்மதித்து, சிட் பதிவுக்கு மறுத்தால், அந்த ஒரு டிராக்கை எடுத்துவிட்டுத் தனி வாசிப்பைக் கிதாரில் வாசித்து வெளியிட முடியும். முழுவதையும் ஒன்றாகக் கலந்து வைத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.